ஆற்றுக்கு முதுகு காட்டி

ஆடி அமாவாசைக்கு முந்தைய நாள் குழித்துறை ஆற்றில் மூங்கில் கழியை இறக்கிப் பார்த்தேன். கழி தரையைத் தொடவில்லை. இன்னும் அழுத்தினேன். முழங்கை நனைந்தது, தோள் நனைந்தது. தரை வரவில்லை. கழியை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறி உட்கார்ந்தேன்.

எங்கள் அம்மை சாகும்வரை குளித்த கடவு, ஆற்றில் இறங்கும் துறை, அது. சின்ன வயதில் அதே இடத்தில் மணலைத் தோண்டி மீன்குஞ்சு விட்டு விளையாடியிருக்கிறேன். கோடையில் வெள்ளம் கணுக்காலுக்குத்தான் வரும்; தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்போம்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டினேன், மயிலாடியில் கல் சுமந்தேன், பிறகு மலையாள நாட்டில் கிடைத்த வேலையெல்லாம் செய்தேன். நான் ஊரில் இல்லாத காலத்தில் லாரி வைத்து மணலை அள்ளியிருக்கிறார்கள். இப்போது அள்ளக்கூடாது என்று பலகை நிற்கிறது. ஆனால் பள்ளம் தூரவில்லை. இந்த ஆற்றில் வந்து சேரும் கோதையாறும் பரளியாறும் மலையிலிருந்து உருட்டி வரும் மணல் அணைகளிலேயே தங்கிவிடுகிறது. கீழே வருவது வெறும் வெள்ளம். மேலே பார்த்தால் ஆறு பழைய ஆறுதான். அதுதான் பயம்.

எங்கள் பக்கம் செத்தவர்களுக்குச் சோற்றுப்பலி இடுகிற முறை இப்படி. சோற்றையும் எள்ளையும் வாழையிலையில் வைத்துத் தலையில் ஏற்றி, ஆற்றுக்கு முதுகு காட்டிப் பின்னோக்கி நடக்க வேண்டும். இடுப்பளவு வெள்ளம் வந்ததும் இலையைத் தலைக்குப் பின்னால் விட்டுவிட்டு முங்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் செத்தவர்கள் வாங்கமாட்டார்கள் என்பார்கள்.

“அக்கா, கயிறு கட்டியிருக்க பெரிய கடவுக்குப் போவோம்” என்று அன்று சாயங்காலம் அக்காளிடம் சொன்னேன்.

“அங்க கூட்டத்துல மிதிபட்டுச் சாவவா? அம்மை குளிச்ச கடவு இதாக்கும். அவ இஞ்சதான் வருவா.”

“கழி தரை தட்டல்ல, கேட்டியா?”

“நாடு முழுக்கச் சுத்துனவனுக்கு ஊரு வெள்ளத்தக் கண்டா பயமும் பேடியுமா?”

“இடுப்புல ஒரு கயறாவது கெட்டுதேன்.”

“நான் என்ன பசுமாடா? போலே.”

இரவு நான் தூங்கவில்லை.

விடிந்ததும் அவளுக்கு முன்னால் வெள்ளத்தில் இறங்கினேன். கால் விரலால் தடவித் தடவிப் போய்ப் பள்ளத்தின் விளிம்பைக் கண்டுபிடித்து, கரையைப் பார்த்து நின்றுகொண்டேன். என்னைத் தாண்டி அவள் போக முடியாது என்பதுதான் என் எண்ணம். குதிகாலுக்கு அடியில் மணல் ஊர்ந்துகொண்டே இருந்தது.

அக்காள் தலையில் இலையோடு பின்பக்கமாக வந்தாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

“போதும், நில்லு” என்றேன்.

“இடுப்புக்கு வரல்ல” என்று இன்னும் ஓர் அடி வைத்தாள். அவள் முழங்கை என் நெஞ்சில் இடித்தது. இலை என் காதை உரசிக்கொண்டு பின்னால் விழுந்தது. அவள் முங்கினாள். முங்கி எழுந்தவளின் தோள் என்மேல் சாய்ந்தது. காலுக்கடியில் இருந்த மணல் மொத்தமாகச் சரிந்தது.

எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் அந்தப் பள்ளத்தில் வெள்ளம் சுழித்துக் கீழே இழுத்தது. வாய் நிறைய வெள்ளம். கத்த முடியவில்லை. கால் எதிலும் படவில்லை. பிறகு என் தலைமயிரை யாரோ பிடுங்குவதுபோல் வலித்தது. அக்காளின் கைதான்.

கரைக்கு வந்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உதடு துடித்தது.

“திரும்பிப் பாத்துட்டேனே மக்கா. அம்மை வாங்குவாளா?”

இருவரும் ஆற்றைப் பார்த்தோம். இலை பள்ளத்துக்கு மேலே மெதுவாகச் சுற்றியது. ஒரு ஓரம் சாய்ந்தது. சோற்றோடு உள்ளே போய்விட்டது.

“எடுத்துட்டா! பாத்தியா, எடுத்துட்டா!” என்று அக்காள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அதை எடுத்தது எது என்று எனக்குத் தெரியும். இன்னும் அந்தச் சுழியின் பிடி காலில் இருந்தது.

“இனி நீ இடு. உனக்கும் இலை வச்சிருக்கேன்.”

நான் கணுக்கால் வெள்ளத்தில், ஆற்றைப் பார்த்தபடியே நின்று இலையைக் கீழே விட்டேன்.

“மூஞ்சியக் காட்டிட்டு இட்டா சேராதுலே.”

“சேராட்டாப் போட்டும்” என்றேன்.

என் இலை போகவில்லை. காலடியிலேயே தட்டிக்கொண்டு நின்றது. தள்ளிவிட இன்னும் ஓர் அடி உள்ளே போக வேண்டும். என்னால் முடியவில்லை.

அப்போது மேலே ஒற்றையடிப் பாதையில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு குடும்பம் இலையும் எள்ளுமாக எங்கள் கடவுக்கு இறங்கி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஈரச் சேலையோடு எழுந்து ஓடியது அக்காள்தான்.

“இஞ்ச எறங்காதீங்க! தரை இல்ல, குழியாக்கும்! பெரிய கடவுக்குப் போங்க!”