மெஷின் அக்கய்யா என்று அழைக்கப்பட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அக்காவை நன்றாக அறிந்தவர்கள். ஆனாலும் நீங்கள் அறியாதது ஒன்று உண்டு. அதை எழுதும் கடமை தங்கையாகிய எனக்கு மட்டுமே இருக்கிறது.

அக்கா சித்தூரில், மிஷன் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டின் பின்புறமுள்ள லைன் வீடுகளில் ஒன்றில் பிறந்தார். எங்கள் அப்பா, நாங்கள் அழைத்தபடி நைனா, அந்தக் காம்பவுண்டின் தோட்டக்காரர். அக்காவுக்கும் எனக்கும் நான்கு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த ஆண் குழந்தை தங்கவில்லை. அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நைனாவுக்கு உதவியாகத் தோட்டத்துக்குப் போனார். என்னைப் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நின்றார் என்று அம்மா பிற்காலத்தில் சொன்னார். அக்கா ஒருநாளும் சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுவில் நைனா இழுப்பு நோயில் இறந்தார். காரியம் முடிந்த மறுவாரமே காம்பவுண்டு மேனேஜர் வீட்டுக்கு வந்தார். கடினமான மனிதர் அல்லர். ஆனால் வேலை செய்கிறவருக்குத்தான் வீடு என்பது விதி. புதுத் தோட்டக்காரர் வந்தால் வீட்டை அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

அக்கா கேட்டார்: "சார், துரைசானியம்மா உட்டுட்டுப் போன மெஷினு ஷெட்டுல கெடக்குதே, அத ஓட்டுனா நாலு ஆளு வேல செய்யும் இல்ல?"

ஊருக்குத் திரும்பிப்போன வெளிநாட்டு டாக்டரம்மா விட்டுச் சென்ற, பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் அது. இங்கிலாந்தில் செய்தது. பல வருடங்களாக ஓடவில்லை.

"அது செத்துப் போச்சிம்மா. ஓடுனாலும் பொம்பளப் புள்ள நீ எப்பிடி ஓட்டுவ?"

"அறுப்பின் பண்டிகைக்குள்ள ஓட்டிக் காட்டறேன் சார். ஓடலைன்னா நாங்களே காலி பண்ணிடறோம். ஓடிச்சின்னா இங்கயே இருக்கணும்."

மேனேஜர் ஷெட் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆலயத்தில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அந்தப் பண்டிகைக்கு ஆறு வாரங்கள் இருந்தன.

அந்த ஆறு வாரங்களில் அக்கா செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பிஸ்டன் அசையவில்லை. பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றி ஊற வைத்தார். பத்தாம் நாள் அது இளகியபோது அம்மாவைக் கட்டிக்கொண்டார். சங்கிலிகளைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டு மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். லாரி ஒர்க்ஷாப்பில் இருந்து வால்வு தேய்க்கும் பசையை வாங்கிவந்து கத்திகளில் தடவி, கத்தி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாணை பிடித்தார். செய்தித்தாளின் ஒரு துண்டைக் கத்திகளுக்கு நடுவே நீட்டி உருளையைக் கையால் சுற்றுவார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக வெட்டுப்பட வேண்டும். எங்காவது கசங்கினால் மறுபடியும் திருகுகளைத் தளர்த்துவார்.

இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் குறிப்புத்தாள் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்த நான் அதைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். கைப்பிடியில் ஒரு சிறு நெம்பு இருந்தது. தீப்பொறி விழும் நேரத்தை முன்பின்னாக மாற்றுவது அது. கிளப்பும்போது அதைப் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். நான் அவசரமாகப் படித்து முன்னுக்கு என்று சொல்லிவிட்டேன். அக்கா கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினார். அது எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது.

அன்றே பஸ் பிடித்து, எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர்போன புத்தூருக்குப் போனோம். கட்டுப் போடுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியபடியே எப்படி ஆனது என்று கேட்டார்.

"தாவாரத்துல வழுக்கி உழுந்துட்டேன்" என்றார் அக்கா. அம்மாவிடமும் அதையே சொல்லிவிட்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அக்கா காதோடு சொன்னார்: "அழுதுகினு இருக்காத. ஊட்டுக்குப் போயி அந்தத் தாள இன்னொரு தபா நெதானமா படி."

பண்டிகைக்கு முந்தைய நாள் காலை, வலது கை கழுத்துத் துணியில் தொங்க, அக்கா இயந்திரத்தை ஆலயத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் செய்தார். கைப்பிடியைச் சுற்ற வேண்டியவள் நான். "நெம்பு பின்னாடி இருக்குதா பாத்துக்க. பாத்தியா? சுத்து" என்றார். மூன்றாம் சுற்றில் ஒருமுறை இருமியது. ஐந்தாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. நீலப்புகை எழும்பி வேப்பமரம் வரை போயிற்று. அக்கா இடது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். புல் ஒரு வரி வெளிறியும் ஒரு வரி கறுத்தும் பாய் விரித்ததுபோல விழுந்தது. மேனேஜர் ஆலயப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு அக்காவிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: "கை சரியானதும் ஆஸ்பத்திரி முன்னாடி இருக்கிற புல்லையும் வெட்டணும்."

சமையலறைக்குள் போய் மூட்டை கட்டி வைத்திருந்த பாத்திரங்களை அம்மா அவிழ்த்தார்.

அதன்பின் அக்காவின் பெயர் மெல்லப் பரவியது. திருப்பதியில் கல்லூரிகளிலும் விருந்தினர் மாளிகைகளிலும் இதே போன்ற பழைய இயந்திரங்கள் கொட்டகைகளில் கிடந்தன. ஆள் அனுப்புவார்கள். அக்கா துணிப்பையில் ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கத்தி உருளைகள், கல்ரோலர்கள், மருந்தடிக்கும் பம்புகள் என எது கிடைத்தாலும் உட்கார்ந்துவிடுவார். உதிரிபாகம் கிடைக்காது. லாரியின் பழைய புஷ் வளையத்தைக் கடைசல் பட்டறையில் கொடுத்து அளவுக்கு ஏற்பத் தேய்த்து வாங்குவார். கழற்றிய தேய்ந்த பாகத்தைக் காகிதத்தில் சுற்றி, உரியவரிடமே திருப்பிக் கொடுத்து, ஏன் கெட்டது என்று விளக்குவார். ஒரு திருகையும் தன் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் அல்லர். அங்கிருந்த தெலுங்குத் தோட்டத் தொழிலாளர்கள் அக்காவை 'மெஷின் அக்கய்யா' என்றே அழைத்தார்கள்.

அக்காவைப் பெண் கேட்டு இரண்டு இடங்களில் இருந்து வந்தார்கள். இருவருமே இந்த வேலையை விட வேண்டும் என்றார்கள். "எனக்கு ஒத்து வராதுமா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதற்குமேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை.

இனி, நான் எழுத வேண்டியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைப் பெண் பார்க்கத் திருப்பதியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். மாப்பிள்ளையின் தாயார், அக்கா என்ன செய்கிறார் என்று கேட்டார். நான், "ஆஸ்பத்திரி ஆபீசுல இருக்காங்க" என்று சொன்னேன். காபித் தட்டோடு வந்துகொண்டிருந்த அக்கா அதைக் கேட்டார். தட்டை வைத்துவிட்டு இரு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். திருமணத்துக்கு முந்தைய நாட்களில் மண்ணெண்ணெயும் எலுமிச்சையும் சாம்பலும் போட்டு நகக்கண்களைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தார். எங்கள் திருமணப் படங்களைப் பாருங்கள். எந்தப் படத்திலும் அக்காவின் கைகள் தெரியாது.

இரண்டு வருடங்கள் கழித்து என் கணவரின் கல்லூரியிலேயே புல்வெட்டும் இயந்திரம் நின்றுபோய், சித்தூரிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். என் கணவர் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். மதியம் அக்காவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் இரு கைகளிலும் கிரீஸ் இருந்தது. உருளையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

"அண்ணி ஆஸ்பத்திரி ஆபீசுல இருக்காங்கன்னு சொன்ன இல்ல?" என்று என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கடினமாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்திருந்த அக்கா சொன்னார்: "நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன் மாப்ள. மெஷினு தொடைக்கிறவன்னு தெரிஞ்சா வந்தவங்க எழுந்து பூடுவாங்களோன்னு பயம். அவ மேல தப்பு இல்ல."

"இதுல மறைக்க இன்னாங்க இருக்குது அண்ணி? மொதல்ல சாப்பிடுங்க" என்றார் என் கணவர்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்து, "இன்னா பாத்துக்கினு நிக்கற? நீயும் ஒக்காந்து துன்னு" என்றார்.

அக்கா அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அது நானாகச் சொன்ன பொய். வெட்கப்பட்டுச் சொன்ன பொய். அக்கா இருந்தவரை அதற்காக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பலமுறை பஸ் நிலையம் வரை கூடப் போய், பஸ் கிளம்பும்வரை வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இந்தப் பக்கங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன் என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு அன்னைக்கே தெரியும். அண்ணி தட்டப் பாத்துக்கினே சொன்னாங்க. அவங்க அவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு பொய் சொல்றாங்க, அத நாம ஏன் ஒடைக்கணும்னு உட்டுட்டேன்" என்றார்.

அக்காவுக்குக் கடைசி இரண்டு வருடங்கள் இருதயம் பலவீனமாக இருந்தது. கனமானதைத் தூக்கக் கூடாது என்றார்கள். கட்டிலில் உட்கார்ந்தபடி தீப்பொறி தரும் மேக்னட்டோக்களை மட்டும் மடியில் வைத்துச் சுத்தம் செய்து கொடுத்தார். தான் பிறந்த அதே காம்பவுண்டின் ஆஸ்பத்திரியில், ஒரு விடியற்காலையில், அம்மாவும் நானும் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அன்று புத்தூரில் எலும்பைக் கோணாமல் சேர்த்துக் கட்டியவரின் குடும்பத்தாருக்கும், வாராவாரம் வந்து ஜெபித்த சபைப் போதகர் ஐயர் அவர்களுக்கும், வாக்குத் தவறாத பழைய மேனேஜர் அவர்களுக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று, யாரும் சொல்லி அனுப்பாமலே திருப்பதியிலிருந்து பதினோரு தோட்டத் தொழிலாளர்கள் முதல் பஸ்ஸில் வந்து நின்றார்கள். "மாக்கு கூட அக்கய்யே" என்றார் அவர்களில் மூத்தவர். தங்களுக்கும் அக்காதான் என்று பெட்டியை அவர்களே சுமந்தார்கள். அவர்களுக்கு எந்தச் சொல்லால் நன்றி கூறுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கல்லறைக்கான கருங்கல் குப்பம் ஊரிலிருந்து வந்தது. பெயருக்குக் கீழே என்ன வெட்டுவது என்று கல்தச்சர் கேட்டார். புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் எழுத்துகளை விரல்விட்டு எண்ணினார்.

"இவ்ளோ எழுத்தாம்மா? ஆஸ்பத்திரி ஊழியர்னு போட்டா சின்னதா முடிஞ்சிடுமே."

"வேணாங்க. எல்லா எழுத்தையும் வெட்டுங்க" என்றேன்.