ஆமென் சொல்லிவிட்டு வீடு கட்டச் சொன்னவர்

போன செவ்வாய்க்கிழமை அரக்கோணத்திலிருந்து திரும்பும் பாசஞ்சரில் செல்லையா அண்ணனைப் பார்த்தேன். இடம் இருந்தும் உட்காராமல் கதவருகே நின்றிருந்தார். "ரூபி அக்கா போயிட்டாங்க சிஸ்டர். விடியக்காலையிலங்க," என்றார். வியாழக்கிழமைதோறும் வேதம் வாசிக்கக் கூடும் நம் குழுவில் பழையவர்களுக்கு ரூபி அக்காவைத் தெரியும். பிற்பாடு வந்து சேர்ந்தவர்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

ரங்கூனில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கைக்குழந்தையோடு கப்பலேறி வந்தவர் ரூபி அக்கா. கணவருக்குப் புறப்பட அனுமதி கிடைக்கவில்லை. பின்னால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாத்தனார் இங்கே இருந்ததால் அக்கா திருத்தணிக்கு வந்தார். பொதட்டூர்பேட்டையிலிருந்து துணி எடுத்து வந்து, பாவாடையும் ரவிக்கையும் தைத்துப் பிழைத்தார். நான் அப்போதுதான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருந்தேன். ஊருக்கு நானும் புதியவள்தான்.

அந்த வருஷம் எங்கள் குழு எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்துக்கொண்டது. சிறைபிடிக்கப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அவர் சொல்லியனுப்பிய பகுதி வந்தது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள் என்கிற பகுதி. வாசித்து முடித்த ரூபி அக்கா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "நம்ம ஜெபத்துல இந்த ஊரு பேரு என்னைக்காவது வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்து வந்த ஆடிக் கிருத்திகைக்கு, மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களுக்காகத் தம் வாசலில் தண்ணீர்ப் பானை வைத்தார். சபை மூப்பர் ஒருவர் வந்து கண்டித்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. தாகமாக இருப்பவரிடம் எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டா தண்ணீர் ஊற்றுவது என்றார். மூப்பர் அதைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் ஜெபத்தில் ஊரின் பெயர் சேர்ந்துவிட்டது.

செல்லையா அண்ணனும் ரங்கூனிலிருந்து வந்தவர்தான். ஊருக்கு வெளியே ஒரு மனை கிடைத்து, கடைக்கால் போட்டு, செங்கல் இறக்கி வைத்திருந்தார். அந்த நேரத்தில் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். கண்களை மூடிக்கொண்டு தீர்க்கதரிசனம் சொன்னார். ரங்கூன் கதவு திறக்கும், இழந்ததெல்லாம் இரண்டு வருஷத்துக்குள் திரும்பும் என்றார். பிறகு ரூபி அக்காவின் பக்கம் கையை நீட்டி, "மகளே, உன் புருஷன் உன் வாசலுக்கு வருவான்," என்றார். கூடியிருந்தவர்கள் அழுதார்கள். செல்லையா அண்ணன் அங்கேயே எழுந்து, மனையை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்க் கப்பலுக்குக் காத்திருக்கப் போவதாகச் சொன்னார்.

ரூபி அக்கா எழுந்தார்.

"ஆமென். அப்படியே ஆகட்டுங்க. என்னைவிட அதை ஆசைப்படறவங்க இங்க யாரும் இல்ல," என்றார். "ஆனா எரேமியா காலத்துல அனனியாங்கிற தீர்க்கதரிசியும் இப்படித்தான், பாபிலோனுக்குப் போனவங்க ரெண்டு வருஷத்துல திரும்பிடுவாங்கன்னு சொன்னாரு. எரேமியா அதுக்கு ஆமென்னும் சொன்னாரு, வீடு கட்டுங்கன்னும் சொன்னாரு. அண்ணே, நீங்க மனைய விக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு வந்தா உங்க வீட்டுலதான் முதல் சாப்பாடு."

பிரசங்கியாருக்கு முகம் சிவந்துவிட்டது. விசுவாசமில்லாதவள் என்று சொல்லிவிட்டுப் போனார். குழுவில் பெரும்பாலோர் அதன்பின் வரவில்லை. புருஷன் வருவதையே வேண்டாம் என்கிறாளே என்று சபையில் பேசிக்கொண்டார்கள். செல்லையா அண்ணன் அக்காவைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். ஆனால் அவர் மனைவி மட்டும் விற்கச் சம்மதிக்கவில்லை. மழைக்கு முன்னால் சுவர் எழும்பியது. கூரை போட்ட அன்று அக்கா அழைக்கப்படவில்லை. அந்த வியாழக்கிழமை என்னையும் இன்னொருவரையும் வைத்துக்கொண்டு எசேக்கியேல் புத்தகத்தைத் தொடங்கினார். அந்த வீட்டுக்காக ஜெபித்தார்.

இரண்டு வருஷம் போனது. கதவு திறக்கவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று அக்கா ஒருவரிடமும் சொன்னதில்லை. அதற்கும் பிறகு ஒருநாள், அங்கிருந்து வந்த தெரிந்தவர் ஒருவர் மூலம், அக்காவின் கணவர் காய்ச்சலில் இறந்து நெடுநாள் ஆகிவிட்டது என்று தெரிந்தது. செல்லையா அண்ணன் தம் மனைவியோடு அக்கா வீட்டுக்கு வந்தார். "நம்ம வீட்டுக்கு வாங்கக்கா. சாப்பிடலாம்," என்றார். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு மகளையும் அழைத்துக்கொண்டு போனார். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து கூட்டம் அந்த வீட்டில்தான் நடந்தது. விட்டுப்போன பலர் அங்கே திரும்பி வந்தார்கள்.

ஒருமுறை அக்காவைக் கேட்டேன், கணவர் வருவார் என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்ததா என்று. "தெனம் இருந்துச்சு சிஸ்டர். ஆனா என் ஆசைய ஆண்டவர் வாயில வைக்கக் கூடாதில்ல?" என்றார்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் வீட்டார் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிழைத்துவிடுவாரா என்று கேட்பார்கள். முன்பெல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்துவிடுவேன். இப்போது, "தெரியலைம்மா. நான் பக்கத்துலதான் இருப்பேன்," என்று சொல்லி, சொன்னபடி நிற்கிறேன். ரூபி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.