டிக் போட்ட நோட்டு

பெற்றோர்களே கூட்டாகச் சேர்ந்து நடத்தும் அந்த மழலையர் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் அப்பாவோ அம்மாவோ வாரத்தில் ஒரு காலை வந்து பழம் நறுக்க வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும். வந்தவர் பெயருக்கு நேரே டீச்சர் நோட்டில் டிக் போடுவாள். வராதவர்கள் போனில் குழைவார்கள். அவர்கள் வேலையையும் அவளே செய்துவிட்டு, போனால் போகிறது என்று டிக்கும் போட்டுவிடுவாள். ஒன்பது வருடம் இப்படியே ஓடியது.

இந்த வருடம் டீச்சர் தன் மகளை அங்கே சேர்க்க விண்ணப்பம் கொடுத்தாள். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு பெற்றோர் கமிட்டி உட்கார்ந்தது. தலைவர் ஒரு பல் டாக்டர். வலிக்காமல் பிடுங்குவதில் கைராசிக்காரர் என்று பெயர்.

"உங்க வீட்லேருந்து முறைக்கு யாரு வருவாங்க டீச்சர்?"

"அவருக்கு பஸ் ஓட்டுற வேலை, லீவு கிடைக்காது. நான்தான் தினமும் இங்கயே இருக்கேனே சார்."

"அது சம்பளத்துக்கு வர்றது. பெத்தவங்களா வரணும், இல்லேன்னா சீட் கிடையாது. இங்க பாருங்க, ஒன்பது வருஷத்துல ஒரு குடும்பம்கூட ஒரு நாள் தவறினதில்ல."

அவர் விரித்துக் காட்டியது அவள் டிக் போட்ட நோட்டு. பொய் என்று சொன்னால், அந்தப் பொய்யை எழுதியவள் அவள்தானே.

மறுநாள் முறை டாக்டருடையது. எட்டு மணிக்குப் போன் வந்தது.

"அவசரமா ஒரு பேஷண்ட் டீச்சர். நீங்களே பாத்துக்குங்க, நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதானே."

கழிப்பறையைக் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டைத் திறந்தாள். பாழாய்ப்போன கை, டிக் போட்டுவிட்டுத்தான் நின்றது.