ஒன்றரை டன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாகையாவின் டயர் கடைக்குக் காற்றடிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் வசவும் வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். காரின் பின்பக்கம் அமுங்கியிருந்தால், "எத்தனை பேரய்யா ஏத்திக்கிட்டு வந்தீங்க?" என்பதுதான் முதல் விசாரணை. ஓடி வந்த சூட்டோடு போனால் அரை மணி நேரம் பெஞ்சியில் உட்காரவைத்துவிடுவார். டயர் ஆறாமல் காற்றை அளந்தால் அளவு கூட்டிக் காட்டும் என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுப்பார். அவசரக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். அவரும் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்.

ஒரு காலத்தில் அவர் லோரி டிரைவர். அவருடைய லைசென்ஸை யாரும் பிடுங்கவில்லை. தைப்பூசம் முடிந்த மறுநாள் கிள்ளான் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானாக நடந்துபோய், மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவன் கிடையாது. அந்தக் கதையில் இருக்கும் அசட்டுத்தனத்தில் பாதி என்னுடையது.

நான் அப்போது கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. தினமும் காலை பதினொரு மணிக்கு, ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் மரம் வெட்டுகிறவர்கள் வாளி வாளியாகப் பாலைக் கொண்டுவந்து ஸ்டோர் வாசலில் வைப்பார்கள். நான் நிறுத்து, பாலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று எடையைக் குறைத்துத் தண்ணீர்க் கழிவு போட்டு, எழுதிக்கொள்வேன். அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது. நாகையா, கிள்ளானில் லோரி வைத்திருந்த பழனியப்பனிடம் டிரைவர். எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட்டுகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அவர் மனைவி வீரம்மா எங்கள் தோட்டத்தில்தான் மரம் வெட்டினாள். இருவரும் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருந்தார்கள்.

ஒரு தடவை நாகையா மலேரியாக் காய்ச்சலில் விழுந்து, பிழைக்கமாட்டார் என்று எல்லோரும் கைவிட்டபோது, மூன்று வருஷம் தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வீரம்மா நேர்ந்துகொண்டாள். நாகையா எழுந்துவிட்டார். முதல் வருஷம் நல்லபடியாக நடந்தது. இரண்டாம் வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டுத் தைப்பூசத்துக்கு முதல் நாள் மத்தியானம், நாகையா ஓட்டிய லோரியில் தோட்டமே ஏறிக்கொண்டது. முருகன் காரியத்துக்குப் போகிறவனை ஏறாதே என்று யார் சொல்வது? பெரியவர்கள் முப்பத்துநாலு பேர். பிள்ளைகளை ஆள் கணக்கில் சேர்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அன்னதானத்துக்கு நாலு மூட்டை அரிசி. தவலைகள், காவடிகள், குடங்கள். இடமில்லாமல் பவுனம்மாளின் மகன் வேலாயுதம் பின்பலகையின்மேல் தொற்றிக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வயது.

கோலாலம்பூருக்கு இன்னும் ஏழு கல் இருந்தது. ஒரு சரிவில் பின்பக்கத்து இடது டயர் வெடித்தது. ஒன்றையொன்று ஒட்டி இரண்டு டயர்கள் அங்கே உண்டு. ஒன்று போனதும் அதன் பாரமும் பக்கத்து டயரின் தலையில் விழுந்தது, அதுவும் வெடித்தது. லோரி சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்தது. பலருக்குக் காயம். வேலாயுதம் செத்துப்போனான்.

போலீஸ் வந்து, டயர் வெடித்ததால் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. எங்களுக்கு அது போதவில்லை. முருகனைப் பார்க்கப் போன வண்டி ஏன் கவிழ வேண்டும்? நாலே நாளில் விடை கண்டுபிடித்துவிட்டோம். வெடித்த சக்கரத்துக்கு மேலே குடத்தோடு உட்கார்ந்திருந்தவள் வீரம்மா. அவள் விரதம் இருந்த நாட்களில் அந்த வீட்டிலிருந்து கருவாட்டு வாசனை வந்ததாம். நாகையாவுக்குச் சமைத்த கருவாடு அது. ஆனால் விரதக்காரி அதைத் தின்றுவிட்டுக் குடத்தைத் தொட்டாள் என்று கதை கட்டியாகிவிட்டது. மகனைப் பறிகொடுத்த பவுனம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாலு இங்கிலீஷ் புத்தகம் படித்த நானும் தலையாட்டினேனே, அதைத்தான் சொல்லவேண்டும்.

பெண்கள் வீரம்மாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். தண்ணீர்க் குழாயில் அவள் வந்தால் விலகிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அவள் லோரியில் ஏறக்கூடாது என்றும் பேசி முடித்துவிட்டார்கள். மூன்றாம் வருஷ நேர்த்தி பாக்கி நின்றது. அவள் யாரிடமும் வாதாடவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் மாதம் ஒரு நாள் மாலை நாகையா ஒரு காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். கோலாலம்பூரில் ஒரு டயர் கடைச் சுவரில் அட்டவணை ஒன்று மாட்டியிருந்ததாம். அவருக்கு எண்கள் மட்டும்தான் படிக்கத் தெரியும். எழுத்துகளையும் பார்த்துப் பார்த்துப் படம் போல வரைந்துகொண்டு வந்திருந்தார்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க கிராணியாரே. ஒரு வரி விடாம."

படித்துச் சொன்னேன். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் முப்பது, ஐந்து என்ற எண்கள் அதன் உயரமும் பருமனும். அந்த அளவு டயர் ஒவ்வொன்றும் ஆயிரத்து எழுநூறு ராத்தல், அதாவது பவுண்டு, பாரம் தாங்கும். ஆனால் சும்மா தாங்காது. உள்ளே காற்று சதுர அங்குலத்துக்கு எழுபத்தைந்து ராத்தல் அழுத்தத்தில் இருக்கவேண்டும். காற்று ஐம்பதுக்கு இறங்கினால் மூன்றில் இரண்டு பங்கு பாரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது.

"ஏத்தினா?"

"ஓடும்போது டயரோட பக்கம் மடங்கி மடங்கி நிமிரும். அதுல சூடு ஏறும். உள்ள இருக்கிற துணி நூல் விட்டுப்போய் வெடிக்கும்னு போட்டிருக்கு."

அவர் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். அன்றைக்குக் கிளம்பும்போது அவர்தான் காற்றை இறக்கினாராம். லோரி குலுக்கினால் வீரம்மாவின் குடத்தில் பால் தளும்பும். விரதம் இருந்த உடம்புக்கும் ஆகாது. டயர் கொஞ்சம் தொய்வாக இருந்தால் மெத்தென்று போகும் என்று, பின்பக்க டயர் ஒவ்வொன்றிலும் முப்பது எண்ணும்வரை காற்றை விட்டிருக்கிறார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோரும் தைப்பூசத்துக்கு அப்படித்தான் செய்வார்கள்.

அவர் அதோடு விடவில்லை. காற்றை அளக்கும் பேனா மாதிரிக் கருவி ஒன்றை வாங்கினார். ஆறிய டயரில் எழுபத்தைந்து வரை அடித்து, என்னையே முப்பது எண்ணச் சொல்லிக் காற்றை விட்டு, அளந்தார். நாற்பத்தெட்டு காட்டியது. பின்பக்கத்து நாலு டயரிலும் நாலு தடவை. நாற்பத்தேழுக்குக் கீழும் போகவில்லை, ஐம்பதுக்கு மேலும் வரவில்லை. பிறகு அன்றைக்கு ஏறியவர்களின் பெயரை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, பிள்ளைகளையும் அரிசியையும் சேர்த்து, என்னைக் கூட்டச் சொன்னார். இரண்டேகால் டன்னுக்கு மேல் வந்தது. லோரியின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்த வரம்பு ஒன்றரை டன், அதாவது மூவாயிரத்து முந்நூற்று அறுபது ராத்தல்.

"வாயை மூடிக்கிட்டு இரு" என்று நான் சொன்னேன். "போலீஸ்காரனே கேஸை மூடிட்டான். நீயாப் போய் ஏன் மாட்டிக்கிறே? லைசென்ஸ் போயிரும். பவுனம்மா வூட்டு ஆளுங்க உன்னை உசிரோட விடமாட்டானுங்க."

"எல்லாம் சரிதான். வீரம்மாவுக்கு வந்த கெட்ட பேரு?" என்றார்.



அந்த நாலு மாதமும் மனிதர் பெரிய தொல்லையாகிவிட்டார். தினமும் காலையில் இஞ்சின் சூடாகுமுன் ஆறு டயரையும் அளந்தார். ஒரு ஷீட்டுக் கட்டு கூடினாலும் இறக்கிவைத்தார். பழனியப்பன் திட்டினார். வேறு டிரைவர் பார்ப்பேன் என்றார். "பாருங்க. அவரும் எழுபத்தஞ்சு அடிக்கணும்" என்று பதில் வந்தது.

முப்பத்தைந்தாம் ஆண்டுத் தைப்பூசத்துக்கு முதல் நாள். லோரியை வழக்கம்போல லயத்து வாசலில் நிறுத்தாமல் ஸ்டோர் வாசலில் நிறுத்தினார். ரப்பர் கட்டு நிறுக்கும் பெரிய தராசுப் பலகையைக் காட்டி, "எல்லாரும் இதுல ஏறி நின்னுட்டுத்தான் லோரியில ஏறணும்" என்றார். மானேஜரைக் கேட்காமல் நான் தராசைத் திறந்துவிட்டேன். அந்தத் தைரியம் எனக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலில் கூச்சல். "நம்மளையும் பாலுன்னு நெனச்சிட்டியா?" என்றான் ஒருவன். பெண்கள் சிரித்தார்கள். "எனக்குத் தண்ணிக் கழிவு போட்டுறாதீங்க கிராணியாரே!" என்று ஒருத்தி சொல்ல, கூட்டமே என்னைப் பார்த்துச் சிரித்தது. வாங்கவேண்டியதுதான். ஆனால் தினமும் நிறுவைக்கு நின்று பழகியவர்கள் அவர்கள். தராசில் எழுதிய எண்ணோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவராக ஏறினார்கள். குடத்தோடும் பிள்ளையோடும் சேர்த்துத்தான் நிறுத்தேன். பவுனம்மாள் நூற்றிருபத்தாறு. முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு நேர்த்தி ஒன்றும் இல்லை. மகன் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்யப் போகிறாள்.

மூவாயிரத்து முந்நூற்று நாற்பதில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார் நாகையா. இன்னும் இருபது ராத்தல்தான் இடம். அரிசி மூட்டைகளும் மீதி ஆட்களும் மறுநாள் விடிந்ததும் இரண்டாம் நடை. பால்குடம் எடுப்பவர்கள் எல்லோரும் முதல் நடையில் ஏறியாகிவிட்டது, ஒருத்தியைத் தவிர. வீரம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டோர் சுவரோரம் நின்றாள். இரண்டாம் நடை போய்ச் சேர்வதற்குள் தோட்டத்துப் பால்குடங்கள் பத்துமலை ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டிருக்கும்.

நாகையா லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு பேசினார். சத்தம் போடவில்லை.

"போன வருசம் லோரி கவுந்தது எவ விரதத்தாலயும் இல்ல. நான்தான் காத்தை எறக்கினேன். எம்பொண்டாட்டி அலுங்காம போகட்டும்னு எறக்கினேன். அவளுக்கே அது தெரியாது. எத்தன பேரு ஏறினாங்கன்னும் பாக்கல. வேலாயுதத்தைக் கொன்னது நான். பூசம் முடிஞ்சதும் போலீஸ்லயும் இதைத்தான் சொல்லப்போறேன்."

எல்லோரும் பவுனம்மாளைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. வீரம்மா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அப்போது அழுதாள்.

பின்னாலிருந்து யாரோ, "அப்ப அவளையும் ஏத்துலா!" என்றார்கள். இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள். ஏற்கெனவே இத்தனை பேர், இன்னொருத்தி ஏறினால் என்ன ஆகிவிடும்?

"முடியாது" என்றார் நாகையா. "எடம் இருபது ராத்தல்தான் இருக்கு. யாரா இருந்தாலும் முடியாது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை பாடும் இவளுக்காகத்தானே பட்டான் இந்த மனிதன்! எதற்கும் இருக்கட்டும் என்று, "வாம்மா, வந்து நில்லு" என்றேன். வீரம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வெறும் ஆளாகத் தராசில் ஏறினாள். நான் குண்டை நகர்த்தினேன். பின்னால் தள்ளினேன். இன்னும் பின்னால் தள்ளினேன்.

"எண்பத்தொண்ணு" என்று படித்தேன்.

அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் ராத்தல் என்றால் என்னவென்று தெரியும். அவள் தினமும் இரண்டு வாளியில் சுமந்துவரும் பாலே அறுபது ராத்தல்.

பவுனம்மாள் லோரியிலிருந்து தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்திலிருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி, பின்பலகையைப் பிடித்துக் கீழே இறங்கினாள். நாகையா கைகொடுக்கப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒம்மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கலடா" என்றாள். "நான் ரெண்டாம் நடையில வரேன். காத்தை ஒழுங்காப் பாத்து ஓட்டு."

கீழே இருந்த குடத்தை எடுத்து வீரம்மாவின் இடுப்பில் வைத்தாள். முழங்கையைப் பிடித்து, தான் எழுந்துவந்த இடத்தில் ஏற்றிவிட்டாள்.