ஒயர்மேன் இருந்த குளிர் அறை

கதவைத் திறக்கும் முன் இரண்டு தட்டுத் தட்டுவது அவள் வழக்கம். உள்ளே காய்கறிக் கூடைகளைத் தவிர ஒன்றும் இல்லை. சாவியும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் விரலை மடக்கித் தட்டுவாள், கொஞ்சம் நிற்பாள், பிறகுதான் தாழ்ப்பாளை இழுப்பாள். வெகு வருடங்களாக இப்படித்தான்.

"என்னக்கா, உள்ள யாராவது குளிச்சுக்கிட்டு இருக்காங்களா?" என்று கூடை இறக்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள். புதிதாக வருகிறவர்கள் மட்டும்தான். பழைய ஆட்கள் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

ஊரில் அவளுக்குக் குளிரக்கா என்று பெயர். கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு அண்ணன் வீட்டில் ஒதுங்கியவள். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் சோறு போடும்போது கரண்டி ஒரு கணம் யோசிக்கும். அதைப் பார்த்துவிட்டு இவள் பாதிப் பசியோடு எழுந்துவிடுவாள். விவசாயிகள் சங்கம் குளிர் அறையைக் கட்டி, பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, அவளைக் கூட்டிப்போய் அங்கே நிறுத்தியவர், ஊரில் கரண்ட் வேலை பார்த்த ஒயர்மேன்.

கூரைமேல் சோலார் பலகைகளை மாட்டியவரும் அவர்தான். பக்கத்து மாவு மில்லும் எதிரே இருந்த தையல் கூடமும் அதே பலகைகளில்தான் ஓடின. அதற்கு முன்னால், லாரி வராத நாளில் விளைந்த காரட்டும் முட்டைக்கோசும் மாட்டுக்குத்தான். வியாபாரி வைத்ததுதான் விலை. அறை வந்த பிறகு, "இன்னிக்கு விலை சரியில்ல, உள்ள இருக்கட்டும்" என்று சொல்லும் தெம்பு ஊருக்கு வந்தது.

"சூரியன் கூலி கேக்காத ஆளு. ஆனா மழைன்னா லீவு போட்டுருவான், பாத்துக்கோ" என்பார் ஒயர்மேன். கூரையில் ஏறினால் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பார். டக், டக். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் மேலே இருக்கிறார் என்று தெரு தெரிந்துகொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில், சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே தட்டின்மேல் சாய்ந்தார். மாரடைப்பு. மகள் தூரத்து நகரத்தில் நர்ஸ். ஆற்றுப் பாலத்தின்மேல் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அவளால் வரவும் முடியாது, உடலை ஆஸ்பத்திரிப் பிணவறைக்குக் கொண்டுபோகவும் முடியாது. "நான் வந்து மூஞ்சியப் பாக்காம அப்பாவ எடுத்துராதீங்க" என்று போனில் கதறினாள். ஒயர்மேனின் மனைவி சங்கத் தலைவரைப் பார்த்தாள். தலைவர் தரையைப் பார்த்தார். யார் வாயிலும் வராததைக் குளிரக்காதான் சொன்னாள்.

"அறையில எடம் இருக்கு."

தான் வாய் திறந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உள்ளே பாதிவரை காரட் கூடைகள். நடுவில் தார்ப்பாயைக் கட்டி, மறுபக்க மூலையில் பெஞ்சு போட்டு அவரைக் கிடத்தினார்கள். தூக்கி வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். தலைவர் மட்டும் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இதுக்கப்புறம் யாரும் இங்க காய் வைக்க மாட்டேன்னா, அறைய மூடித்தான் ஆகணும். யோசிச்சுக்கோம்மா."

அறையை மூடினால் மறுபடியும் அண்ணியின் கரண்டிதான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் வேலை கொடுத்த மனுஷனை அழுக விட முடியுமா? கதவைச் சாத்தினாள்.

மழை விடவில்லை. பகலும் அந்தி மாதிரி மங்கிக் கிடந்தது. பேட்டரிப் பெட்டியில் சார்ஜ் காட்டும் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவள் மாவு மில் வாசலில் போய் நின்றாள். கேட்கத் தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். மில்காரர் அவளைப் பார்த்தார், எழுந்துபோய் சுவிட்சை இறக்கினார். தையல் கூடத்துப் பெண்களும் துணியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பலகைகள் தந்த மின்சாரம் மொத்தமும் செத்துப்போன ஒருவருக்காக ஓடியது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. குளிர் இயந்திரம் ஒன்றுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளம் வடிகிறது, நாளை மகள் வந்துவிடுவாள் என்று செய்தி வந்த மத்தியானம், குளிர் அறையை ஒட்டிய முன்னறையில் சுவரில் சாய்ந்து குளிரக்கா கண்ணயர்ந்தாள்.

டக், டக்.

விழித்தாள். கூரையிலிருந்து இல்லை, குளிர் அறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. மறுபடியும் டக், டக். கால்கள் வாசல் பக்கம் திரும்பின. என்ன நினைத்தாளோ, வாசலுக்குப் போகாமல் அந்தக் கதவருகே போய், பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டினாள். சத்தம் நின்றது. திறந்தாள்.

முகத்தில் அறைய வேண்டிய குளிர் அறையவில்லை. டார்ச்சைத் தூக்கிப் பிடித்தாள். கூடைகளுக்கு மேலே, விசிறியைச் சுற்றிப் பனிக்கட்டி வெள்ளைப் புற்றாக வளர்ந்து காற்றை அடைத்திருந்தது. இறக்கை பனியில் இடித்த சத்தம்தானா என்று போன உயிர் திரும்பி வந்தது. கூடைமேல் ஏறித் தொட்டுப் பார்த்தாள். இறக்கை பனிக்குள் இறுகிக் கிடந்தது. இம்மிகூட அசையவில்லை. அது நின்று வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும்.

தார்ப்பாய்ப் பக்கம் அவள் திரும்பவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி ஊற்றிப் பனியைக் கரைத்தாள். "ஆச்சுண்ணே, இதோ ஆச்சு" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. மறுபடி இயந்திரத்தைப் போட்டதும் விசிறி சுற்றியது. குளிர் வந்தது.

மறுநாள் மகள் முழங்கால் தண்ணீரில் பாலத்தைக் கடந்து வந்து சேர்ந்தாள். அப்பாவின் கன்னத்தில் கை வைத்தாள். "தூங்குற மாதிரியே இருக்காருக்கா" என்று அழுதாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெரல் கணு மட்டும் ஏன்க்கா ஈரமா இருக்கு?"

"தண்ணி தெறிச்சிருக்கும்மா" என்றாள் குளிரக்கா. தண்ணீர் ஊற்றியது தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம்.

அவரை அடக்கம் செய்தார்கள். வெயில் வந்தது. குளிரக்கா அறையைக் கழுவி, மருந்து தெளித்து, வாசலில் உட்கார்ந்தாள். தலைவர் சொன்னதே நடந்தது. ஒரு கூடைகூட வரவில்லை. உள்ளே இருந்த காரட்டையும் எடுத்துப்போக ஆளில்லை. வியாபாரி பழைய விலைக்கே இறங்கிவிட்டான். "காத்தைக் குளிர வச்சு யாருக்கு விக்கப் போற?" என்று அண்ணி கேட்டாள். இயந்திரத்தை விற்றுவிடலாம் என்று பேச, அறை வாசலிலேயே சங்கம் கூடியது.

கூட்டத்துக்கு நடுவே முட்டைக்கோசுக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு ஒயர்மேனின் மனைவி வந்தாள். "குளிரு, கதவத் தொற" என்றாள். கூடையை அவர் கிடந்த மூலையிலேயே இறக்கினாள். அங்கே மீந்திருந்த காரட் ஒன்றை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் நறுக்கென்று கடித்தாள்.

"மனுஷன் உசுரோட இருந்தப்ப கிரீஸ் கையோட உங்க அடுப்படி வரைக்கும் வருவாரு. அப்ப வாங்க வாங்கன்னீங்க. குளிப்பாட்டிச் சுத்தமா படுத்திருந்தாரு, இப்பத்தான் உங்களுக்குக் கொமட்டுதோ?"

அவள் மென்றுகொண்டே சொன்னாள்: "பயப்படாதீங்க. செத்தவரு காரட் திங்க மாட்டாரு. உங்க பங்கு கொறையாது."

மில்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பாவத்துக்கு மறுநாள் முதல் கூடை அவருடையதாயிற்று. அடுத்து தலைவருடையது. வியாபாரி அடிமாட்டு விலை கேட்ட அன்றைக்கு மீதிப் பேரும் வரிசையில் நின்றார்கள். பயம் பெரிதுதான், வயிறு அதைவிடப் பெரிது.

உள்ளே கேட்ட சத்தத்தைப் பற்றிக் குளிரக்கா யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பக்கத்தில் இன்னோர் அறையும் கட்டியாயிற்று. சோலார் பலகைகள் மில் கூரை வரை நீண்டிருக்கின்றன. குளிரக்கா அண்ணன் வீட்டை விட்டு வந்து முன்னறையிலேயே குடியிருக்கிறாள். தானே பொங்கி வயிறாரச் சாப்பிடுகிறாள். "ரெண்டு அறைய தனியா எப்படிம்மா பாப்ப? துணைக்கு ஒரு ஆள் போடட்டுமா?" என்று தலைவர் கேட்டார். "துணைக்கு ஆள் இருக்கு, வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். இன்றுவரை அவள் ஒருத்திதான் அங்கே வேலை பார்க்கிறாள்.