இச்சிமரத்துக்குப் பூ கேட்டோம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி ஆறுவதற்குள் நான் செய்யும் வேலை ஒன்று உண்டு. அந்த வாரம் படித்ததில் நல்லதாக நாலைந்து கட்டுரைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வரி எழுதி, 'இந்த வாரம் படிக்க' என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். எல்லாம் காடு, பறவை, ஆறு, மலையேற்றம் பற்றியவை. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அஸ்தம்பட்டி மாடி வீட்டை விட்டு இறங்காமலே ஊருக்கெல்லாம் இயற்கையை அனுப்புகிறாள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். முக்கால்வாசிப் பேர் படிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். கும்பிடுகிற கை ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

என் அண்ணன் மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பார். எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவருக்குத் தோட்டமும் விசைத்தறியும் இருக்கின்றன. தறிச் சத்தத்துக்கு நடுவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்து, மதியம் போன் செய்து சந்தேகம் கேட்பார். யானை போகிற வழியை மறித்து எவனாவது கட்டடம் கட்டுவானா என்று ஒருமுறை என்னிடமே கோபப்பட்டார், கட்டியவள் நான்தான் என்பதுபோல. அப்படிப்பட்டவர் போன சித்திரையில் போன் செய்து, கோயில் இச்சிமரத்தை எடுக்கப் போகிறோம் என்றார்.

எங்கள் பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. அண்ணன்தான் முன்னின்று நடத்தினார். முன்மண்டபத்துக்கு இடம் போதவில்லை, புதிதாகப் பதித்த டைல்ஸ் மேல் எச்சம் விழுகிறது, மரம் போனால்தான் வேலை நடக்கும் என்றார். இச்சி ஆலமரத்தின் தம்பி மாதிரி, விழுது மட்டும் குறைவு. அந்த மரம் முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள். அவற்றுக்காக எங்கள் ஊரில் தீபாவளிக்குக்கூட அந்தப் பக்கம் வெடி வைக்க மாட்டார்கள். சித்திரையில் தாய் வௌவால்களின் வயிற்றில் குட்டிகள் தொற்றிக்கொண்டிருக்கும். கொஞ்சம் வளர்ந்தவற்றைக் கிளையில் விட்டுவிட்டுத் தாய்கள் இரை தேடப் போகும். அந்தக் குட்டிகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது.

மரத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. குட்டிகள் பறக்கும்வரை, ஆவணிவரை பொறுங்கள் என்றுதான் கேட்கப் போனேன்.

போன பிறகுதான் என் நிலைமை எனக்கே உறைத்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவள் புருஷனின் குலக்கூட்டத்தைச் சேர்ந்தவள். பிறந்த வீட்டுக் குலதெய்வத்துக்கு அவளிடம் வரி வாங்க மாட்டார்கள். வந்து கும்பிடலாம், பொங்கல் வைக்கலாம், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். யோசனை சொல்ல முடியாது. பங்காளிகள் எனக்கு நாற்காலி போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குட்டிகளைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும் ஸ்தபதி குறித்துக் கொடுத்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருக்கு மனசு ஆடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் நாலு நாள் விடாமல் போனில் அழுது அடம்பிடித்திருந்தால் அவர் இறங்கி வந்திருப்பார், மற்றவர்களையும் இறங்க வைத்திருப்பார். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை? ஆத்திரத்தில், சாமியிடம் பூ கேட்டீர்களா என்று கேட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவதுவரை பூ கேட்காமல் தொடங்க மாட்டார்கள். அம்மன் தலையில் இரண்டு பக்கமும் நனைத்த அரளிப்பூவை ஒட்ட வைத்து, மனதில் இருப்பதைச் சொல்லி வேண்டிக்கொண்டு காத்திருப்பார்கள். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். மரத்துக்குத் தனியாகக் கேட்கவில்லை என்று பங்காளிகள் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மனிதர்கள்தான் இல்லை, அம்மனாவது என் பக்கம் நிற்கும் என்று நம்பினேன். ஆயுசு முழுக்கத் தாவரவியல் நடத்தியவளின் புத்தி அன்று அப்படிப் போனது.

அண்ணன் ஈர வேட்டியோடு நின்று வேண்டினார்.

"ஆவணி வரைக்கும் பொறுக்கோணும்னா எடது பூவக் குடு தாயே. இப்பவே வேலையப் பாக்கலாம்னா வலது பூவக் குடு."

வலது பூ விழுந்தது.

கருவறை வாசலில், இடப்பக்கம், பூசாரிக்காக வைத்த மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுதான் வலது பூவைத் தள்ளியிருக்கும், அதை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் கேட்கலாமா என்றேன். சாமியை இரண்டாவது தடவை கேட்கிற வழக்கம் இல்லை என்று பூசாரி முகம் சுளித்தார். அண்ணன் போய் விசிறியை நிறுத்தினார். புதுப் பூக்களை அவரே நனைத்துக் கொடுத்தார். புழுக்கத்தில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. ஒருவரும் அசையவில்லை. நான் இடது பூவையே முறைத்துக்கொண்டு நின்றேன். அது ஒட்டினபடியே இருந்தது. மறுபடியும் வலதுதான் விழுந்தது.

"போதுமா அம்முணி?" என்று அண்ணன் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அவரும் இடது பூவுக்காகத்தான் நின்றிருந்தார் என்று எனக்கு அப்போது பட்டது. இனி அவரே நினைத்தாலும் நிறுத்த முடியாது. அது அம்மன் உத்தரவாகிவிட்டது. திறந்து கிடந்த ஒரே கதவையும் நானே இழுத்துச் சாத்தியிருந்தேன்.

மரம் வெட்டுகிற அன்று போகாதே என்று வீட்டுக்காரர் சொன்னார். போனேன். மெஷின் ரம்பம் முதல் கிளையில் பட்டதும் வௌவால்கள் மொத்தமாகக் கிளம்பின. நல்ல வெயிலில், கிழிந்த குடைத்துணி மாதிரி, கோயிலுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து கத்தின. உட்கார இடம் தெரியாமல் சில பக்கத்துத் தறிக்கொட்டகையின் கூரை மேல் இறங்கின. குட்டிகள் கிளைகளோடு கீழே வந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலைக்காரர்கள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அண்ணன் கிளைகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து தேடினார். உயிரோடு இருந்தவற்றைத் துண்டில் சுற்றி, தக்காளிக் கூடையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். ஒரு குட்டி துண்டின் மடிப்பைத் தாய் வயிறென்று நினைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் வாய் எதையோ தேடித் திறந்து திறந்து மூடியது.

"இதுகளுக்கு என்ன குடுக்கறது அம்முணி? பாலா, பழமா?"

எனக்குத் தெரியவில்லை. போனை எடுத்தேன். அத்தனை வாரமாக அனுப்பிய கட்டுரைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், எதிலும் அது இல்லை. தெரியவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

அண்ணன் நம்பவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்பதுபோலக் கூடையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இத்தன வருசமா இதத்தான அம்முணி படிக்கற" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.