எடுத்து வைக்கும் ஒரு பிடி

காசு சம்பாதிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். சேர்த்து வைக்கத் தெரிந்தவன் புதுச்சத்திரம் பக்கத்தில் என்னைப் போல் இன்னொருத்தன் கிடையாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்த லாரி வாங்கி, இன்றைக்கு ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். காலேஜ் படித்தவர்களே வந்து, "கையில காசு நிக்க மாட்டேங்குதுங்க, ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்பார்கள். சும்மா சொல்லிவிட மாட்டேன். என் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நான் சொல்லும் வழி ஒன்றேதான். மனசை நம்பாதே, கையைப் பழக்கு. மனசு இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு ஒன்று சொல்லும். பழகிய கை யோசிக்காது.

கல்யாணமான புதிதில் என் மனைவியின் கையை அப்படித்தான் பழக்கினேன். உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். பருப்பிலும் அப்படியே. நான் கொண்டுவந்து கொடுக்கும் சம்பளத்திலும் அப்படியே. ஒதுக்கியது போக மிச்சத்தில்தான் குடும்பம். விருந்தாளி வந்தாலும் சரி, காய்ச்சல் வந்தாலும் சரி, அந்த ஒரு பிடிக்கு விலக்குக் கிடையாது.

ஆத்தூரில் ஜவ்வரிசி லோடு ஏற்றி, வடக்கே போய் இறக்கிவிட்டு நான் திரும்புவதற்குள் பானை தளும்பி நிற்கும். "ஒருத்தருக்கு ஆகிற அரிசியில எங்கூட்டுல ரெண்டு பேரு சோறு உங்கறோம்" என்று லாரிப்பேட்டையில் பெருமை பேசுவேன். "உன்ற பொண்டாட்டி கைக்குத் தங்கத்துல காப்பு போடோணும்டா" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். பின்னால் போடவும் செய்தேன். கனமான காப்பு.

அந்தக் காப்பு இப்போது முழங்கைவரை ஏறுகிறது. அவ்வளவு இளைத்துவிட்டாள்.

மறதி நோய். முதலில் மகன் பெயர் போனது. அப்புறம் பண்ணை போனது, இந்தப் பெரிய வீடு போனது. கடைசியில் நானும் போனேன். "ஆருங்க இந்தப் பெரியவரு?" என்று மருமகளிடம் கேட்பாள். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. தட்டில் சோறு வைத்தால் முதலில் ஒரு பிடி அள்ளிப் பக்கத்துக் கிண்ணத்தில் போடுகிறாள். போட்டது அடுத்த நொடியே மறந்துவிடுகிறது. தட்டைப் பார்க்கிறாள். அடடா, ஒதுக்கவில்லையே என்று இன்னொரு பிடி அள்ளுகிறாள். அதுவும் மறந்துவிடுகிறது. இப்படியே தட்டு காலியாகிறது. சாப்பிட்டு முடித்தவள் போலக் கையைக் கழுவிக்கொள்கிறாள்.

கிண்ணத்தை எடுத்து மறைத்தோம். முந்தானையில் போட்டுக்கொண்டாள். சோற்றைக் கூட்டி வைத்தோம். கூடக் கொஞ்ச நேரம் ஒதுக்கினாள், அவ்வளவுதான். மருமகள் ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டாள். "ஒதுக்காம சோறு உங்கக் கூடாது கண்ணு. அவரு வந்தா கேப்பாரு."

நாமக்கல் டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். "இன்னும் எடை குறைஞ்சா மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் ஆகணும்."

"எத்தனை செலவானாலும் பாத்துக்கலாமுங்க."

"செலவு இல்லீங்க ஐயா. அவங்க சாப்பிடணும், அவ்வளவுதான்."

காசால் ஆகாத வேலை ஒன்றை அதுவரைக்கும் யாரும் என் முன்னால் வைத்ததில்லை. லாரி லாரியாகத் தீவனம் வந்து இறங்குகிற இடம் இது. இங்கே ஒருத்திக்கு ஒரு வேளைச் சோறு கொடுக்க முடியவில்லை.

அவர் வந்தால் கேட்பார் என்கிறாளே, வந்துவிடுவோம் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. காக்கிச் சட்டை ஒன்று வாங்கிப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அந்தக் காலத்தில் வருகிற மாதிரி சத்தம் கொடுத்துக்கொண்டே பின்கட்டு வழியாக நுழைந்தேன்.

"வந்துட்டீங்களா? இருங்க, கை கால் கழுவுங்க."

எத்தனையோ நாளைக்கு அப்புறம் என்னை நானாகப் பார்த்தாள். சிரித்தாள். எழுந்துபோய், ஒதுக்கி வைத்த கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நீ உங்கலியா புள்ள?"

"நான் அப்பவே உண்டுட்டனுங்க. நீங்க உண்ணுங்க."

"அத்தை காலையிலிருந்து ஒண்ணுமே உங்கலீங்க மாமா" என்று மருமகள் என் காதோரம் சொன்னாள். எனக்குத் தெரியாதா? ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஆனால் அந்தச் சொல்லும், சொல்லும்போது வந்த அந்தச் சிரிப்பும் எனக்குப் புதிதல்ல. லோடு இறக்கிவிட்டு வரும் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொன்னாள். அந்த வருஷங்களில் அவள் உட்கார்ந்து உண்டு நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பானை நிறைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஒருத்தருக்கு ஆகிற அரிசியில் எங்கள் வீட்டில் நான் ஒருத்தன்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

கிண்ணத்துச் சோற்றை அவள் தட்டில் கொட்டினேன். அதை அவள் பக்கம் தள்ளினேன்.

"சேத்துனது போதும் புள்ள. லாரி வாங்கியாச்சு."

"நெசமாலுங்களா?"

"நெசமாத்தான். ரோட்டுல நிக்குது. இனி ஒதுக்க வேண்டாம், நீ உண்ணு."

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை தட்டுக்குப் போனது. சோற்றைப் பிசைந்தது. வாய்வரைக்கும் வந்த உருண்டை அப்படியே நின்றது.

"அப்ப மாசமானா டியூ கட்டோணுமேங்க?"

"டியூ எல்லாம் முடிஞ்சுது சாமி."

"டயரு மாத்தோணுமே?"

உருண்டையைக் கிண்ணத்தில் போட்டாள். இன்னொரு பிடியும் அள்ளி அதன்மேல் வைத்தாள். லாரிக்காரனிடம் கேட்டுப் பாருங்கள், அவள் கேட்டதில் தப்பே கிடையாது. வாங்கினதோடு செலவு முடியாது, அங்கேதான் ஆரம்பிக்கும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். மறுநாளும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அதற்கு மறுநாளும் போனேன். அப்புறம் அவளுக்கு அந்தச் சட்டையும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

ட்யூப் போட்டாயிற்று. வேளாவேளைக்கு மருமகள் கஞ்சியைக் கரைத்து வடிகட்டிக் குழாயில் ஊற்றுகிறாள். ஊற்றத் தொடங்கியதும் என் மனைவி அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொள்கிறாள். "போதும் கண்ணு, மிச்சம் வையி" என்கிறாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் கையை விடுவிப்பது என் வேலை. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. நான் பிரிக்கப் பிரிக்க, அரிசியைத் திருட வந்த யாரோ ஒருத்தனைப் பார்ப்பதுபோல அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.